வித்த கார் திரும்பி வந்தது... போலீசோடு!

பொழுது இன்னும் விடியவில்லை. மணி காலை 5.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்து வந்து திறந்தார். வாசலில் ஒரு ஏட்டு. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"இந்த நம்பர் கார் உங்களுதா?"

"என்னுதாத்தான் இருந்துச்சு. வித்துட்டேனே ஐயா! ரெண்டு வருஷம் ஆச்சு."

"அதை ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க. சட்டையைப் போட்டுக்கிட்டு ஏறுங்க."

தெருவே வேடிக்கை பார்க்க, பெரியவர் ஜீப்பில் ஏறினார்.

அவர் வேறு யாரும் அல்ல. என் பெரியப்பா! வயது 68. வியாசர்பாடியில் வீடு. வேலையில் இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, ஒரு சின்ன வம்பு வழக்குக்குப் போனவர் அல்ல.

அவர் மீது சந்தேகப்பட்ட குற்றம் என்ன தெரியுமா?

ஆடு திருட்டு!

செங்குன்றம் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி நேரம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஆறு ஆடுகளைத் திணித்துக்கொண்டு பறந்திருக்கிறது ஒரு பழைய மாருதி 800 கார். ஊர்க்காரர்கள் விரட்டினார்கள். ஆசாமிகள் காரை வயல் ஓரம் விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். ஆடு கிடைத்தது. கார் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

போலீசார் கார் நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். என் பெரியப்பா பெயர் வந்தது. அவ்வளவுதான் கதை.

நான் தினமும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறி இறங்குகிற நிருபர். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொந்தக்காரனாகப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியப்பா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

யார் செய்த தப்பு?

ஏட்டய்யா மீது கோபப்பட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, திருடன் பேரு எனக்குத் தெரியாது. ஆர்.சி.யில இருக்கிற பேருதான் தெரியும். நூலை அங்க இருந்துதானே புடிக்கணும்? வேற எங்க போகச் சொல்றீங்க?"

பதில் பேச முடியவில்லை. அவர் சொன்னது நியாயம்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கார் விற்ற அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். புரோக்கர் நாலு படிவத்தை நீட்டினார். எல்லாமே வெற்றுப் படிவம். வாங்குகிறவர் பெயர் இல்லை, தேதி இல்லை. பெரியப்பா என்னைத்தான் கேட்டார்: "ஏம்ப்பா, பேப்பர்ல வேலை செய்யறவன் நீ. இதுல கையெழுத்து போடலாமா?"

நான் சொன்ன பதில்: "போடுங்க பெரியப்பா. எல்லாரும் இப்படித்தானே விக்கறாங்க. மத்ததை புரோக்கர் பாத்துக்குவாரு."

புரோக்கர் பார்த்துக்கொண்டார். கமிஷனை மட்டும்!

பேரை ஏன் மாற்றுவதில்லை?

பழைய கார் வியாபாரத்தில் பெயர் மாற்றாமல் ஓட்டுவது மறதியால் நடப்பது அல்ல. அதில் லாபம் இருக்கிறது.

புரோக்கர் காரை வாங்கி நாலு நாளில் இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார். தன் பெயருக்கு ஒரு தடவை மாற்றினால் கட்டணம். அது மட்டுமா? "சிங்கிள் ஓனர் வண்டி" என்று சொல்லி விற்க முடியாது. ஆர்.சி.யில் இரண்டாவது ஓனர், மூன்றாவது ஓனர் என்று ஏற ஏற விலை இறங்கும். அதனால் உங்கள் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் காரோடு சேர்ந்து கை மாறும். பணம் கொடுக்கிறவன் கையில் கார். உங்கள் தலையில் பெயர்.

வாங்குகிறவரும் அவசரம் காட்டமாட்டார். பெயர் மாற்றப் போனால் பழைய அபராதத்தைக் கட்டச் சொல்வார்கள். 15 வருடம் தாண்டிய கார் என்றால் எப்.சி. காட்டச் சொல்வார்கள். பச்சை வரி கேட்பார்கள். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுவார்.

இன்னும் சிலருக்கு வேறு பேரில் கார் இருப்பதே சவுகரியம். சிக்னலைத் தாண்டலாம், கேமரா படம் பிடித்தால் அபராதம் உங்கள் செல்போனுக்கு வரும்! பாஸ்டேக்கை நீங்கள் ரத்து செய்யவில்லை என்றால் டோல்கேட் பணமும் உங்கள் கணக்கில்தான் போகும். திருடனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

ஆடு போனால் பரவாயில்லை... உயிர் போனால்?

என் பெரியப்பா காரில் போனது ஆடு. வேறு கார்களில் என்ன போனது என்று பாருங்கள்.

2022 அக்டோபர் 23. தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை. கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே ஒரு மாருதி கார் வெடித்துச் சிதறியது. ஓட்டி வந்தவர் கருகிச் செத்தார். அந்தக் கார் பலர் கை மாறி வந்தது என்று தெரிந்தது. யார் யாரிடம் இருந்து யார் யாருக்குப் போனது என்று ஒவ்வொருவராகப் போலீசார் விசாரித்தார்கள்.

2025 நவம்பர் 10. டெல்லி செங்கோட்டை மெட்ரோ ஸ்டேஷன் அருகே மாலை நேர நெரிசலில் ஒரு கார் வெடித்துப் பல உயிர்களைக் குடித்தது. அதுவும் கை மாறிய கார். அரியானா நம்பர். போலீசார் முதலில் எங்கே போனார்கள்? ஆர்.சி.யில் பெயர் இருந்த குருகிராம்காரர் வீட்டுக்கு! எப்போதோ காரை விற்ற மனிதர் விசாரணையில் உட்கார வேண்டியதாயிற்று.

இந்த மனிதர்களின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். "வித்துட்டேன் சார்" என்ற ஒரு வார்த்தைதான் கையில். அதை யார் நம்புவது?

சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு

"வித்ததுக்கு அத்தாட்சி இருக்கு, கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்று சில பேர் வீராப்புப் பேசுவார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2007-ம் வருடம் ஒருவர் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் மற்றொருவருக்கு. இப்படியே போனது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான்; ஒரு பெண் காயம் அடைந்தார். நஷ்ட ஈடு யார் கொடுப்பது?

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018 பிப்ரவரி 6-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு! பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கார் எந்தக் கையில் இருந்து எந்தக் கைக்குப் போனது என்று தேடி அலைய முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

கொடுமையான தீர்ப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிபட்டவன் பக்கம் நின்று பாருங்கள். அவன் யாரைத் தேடுவான்? நம்பர் பிளேட்டைத்தான் அவனுக்குத் தெரியும். சட்டம் அவனுக்கு ஒரு முகவரியைக் காட்டியாக வேண்டும். அந்த முகவரி உங்களுடையதாக இருக்கக்கூடாது என்றால், அதை மாற்ற வேண்டியவர் நீங்கள்தான்.

பழைய காருக்கு இன்சூரன்ஸ் ஒழுங்காக இருக்கும் என்றும் நம்பாதீர்கள். அது இல்லை என்றால் லட்சக்கணக்கான ரூபாய் சொந்தப் பையில் இருந்து போகும்.

செய்ய வேண்டியது இதுதான்

மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றும் இல்லை.

* வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குகிறவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதிய பிறகே பேனாவை எடுங்கள்.

* படிவம் 29 என்பது, "இன்னாருக்கு விற்றுவிட்டேன்" என்று ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது. படிவம் 30 என்பது பெயர் மாற்ற விண்ணப்பம். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். கவனியுங்கள்: முதல் கடமை விற்றவருக்குத்தான்!

* வெளி மாநிலத்துக்குப் போகிற கார் என்றால் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்குங்கள்.

* கார் மேல் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்குக் கம்பெனி தரும் படிவம் 35-ஐயும் தடையில்லாச் சான்றையும் கொடுத்து, ஆர்.சி.யில் அதை நீக்குங்கள்.

* டீலரிடம் விற்கிறீர்களா? 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, பழைய கார் டீலர் ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். காரை அவரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29-சி மூலம் தகவல் போக வேண்டும். அதன் பிறகு கார் அவர் பொறுப்பு. "அங்கீகாரச் சான்றைக் காட்டுங்க" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

* புதுப்பேட்டை பக்கம் உடைக்கப் போகிற கார் என்றாலும் சும்மா தள்ளிவிட்டு வராதீர்கள். பதிவை ரத்து செய்யுங்கள். நம்பர் உயிரோடு இருந்தால் வேறு காரில் ஏறிக்கொள்ளும்!

* கார் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், 30 நாளில் தகவல் கொடுத்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றுங்கள்.

* பணத்தில் ஒரு பகுதியாவது வங்கி மூலம் வாங்குங்கள். வாங்குகிறவரின் அடையாள அட்டை நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டேக்கைப் பிடுங்கி, கணக்கை முடியுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போடுங்கள்.

* கடைசியாக, ஒரு மாதம் கழித்து எம்-பரிவாகன் செயலியில் உங்கள் பழைய கார் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறி இருந்தால்தான் கார் விற்றதாகக் கணக்கு.

அரசாங்கமே, நீயும் கொஞ்சம் கேள்!

பழியை எல்லாம் விற்றவர் தலையில் கட்டிவிட்டு நான் ஒதுங்கவில்லை.

பெயர் மாற்ற வாங்குகிறவர் கையெழுத்தும் வேண்டும். அவர் வராமல் இழுத்தடித்தால் விற்றவர் என்ன செய்வார்? அவர் "விற்றேன்" என்று தகவல் கொடுத்தால், அந்த நாளே அந்த நம்பருக்கு நேராக அது பதிவாக வேண்டும். ஸ்டேஷனில் நம்பரைத் தட்டினால் "விற்கப்பட்டது, இன்ன தேதி, இன்னாருக்கு" என்று திரையில் வர வேண்டும். அப்போது போலீசார் நேராக அடுத்த வாசலுக்குப் போகலாம். ஏட்டய்யாவுக்கும் ஒரு நாள் வேலை மிச்சம்!

அங்கீகாரம் இல்லாமல் கடை போட்டிருக்கும் புரோக்கர்களிடம் ஒரு ரெய்டு நடத்துங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் எத்தனை சிக்குகிறது பாருங்கள். ஒவ்வொரு படிவமும் ஒரு பெரியவர் வீட்டு வாசலுக்குப் போகிற ஜீப்!

ஐயாயிரம் ரூபாய் காப்பாற்றியது

பெரியப்பா எப்படி வெளியே வந்தார் என்று கேட்கிறீர்களா?

கார் விலை 45 ஆயிரம் ரூபாய். 40 ஆயிரம் ரொக்கம். முன்பணம் 5 ஆயிரத்தை மட்டும் புரோக்கர் என் அண்ணன் செல்போனுக்கு ஜி-பேயில் அனுப்பி இருந்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு வரிக் கணக்கைத் தேடிப் பிடித்தோம். அதில் புரோக்கர் பெயர் இருந்தது, தேதி இருந்தது. போலீசார் அவரைப் பிடிக்க, அவர் அடுத்தவரைக் காட்ட, சாயங்காலம் 6 மணிக்கு, "கூப்பிட்டா வரணும்" என்ற நிபந்தனையோடு பெரியப்பா வீடு திரும்பினார்.

காலை 5 மணியில் இருந்து சாயங்காலம் 6 மணி வரை. 13 மணி நேரம். பெயர் மாற்றும் கட்டணமோ சில நூறு ரூபாய்தான்!

போன மாதம் பெரியப்பா தன் டி.வி.எஸ். மொபெட்டை விற்றார். வாங்க வந்த பையன், "பேப்பர்ல கையெழுத்து போட்டுக் குடுங்க தாத்தா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

பெரியப்பா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீ பாத்துக்க வேணாம் தம்பி. நாளைக்குக் காலைல ஆர்.டி.ஓ. ஆபீஸ் வா. ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம். சாவியை அங்க வச்சுத் தரேன்."

பையன் வந்தான். பெயர் மாறியது.

இப்போது எங்கள் பெரியப்பா நிம்மதியாகத் தூங்குகிறார். நீங்கள் விற்ற கார் இன்று ராத்திரி எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது?