நளாயினிக்கு லீவு கிடையாது

சின்னசேலம் பஸ் ஸ்டாண்ட். விடியற்காலை அஞ்சரை மணி. டீக்கடை பாய்லர் மட்டும்தான் முழுசாக விழித்திருந்தது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பக் காத்திருந்தேன். பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் ஒரு தம்பதி. ஐம்பதை ஒட்டிய வயசு. அந்த அம்மா புடவைத் தலைப்பால் இடது கையை மூடியிருந்தார். கணவர் மடியில் ஒரு ஒயர்கூடை. அதில் ஒரு டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ரிப்போர்ட்டுகள், ஒரு போர்வை.

"ஆஸ்பத்திரிக்குங்களா?" என்றேன்.

"ஆமாங்க. டயாலிசிஸ். வாரத்துல ரெண்டு நாளு" என்றார் அவர்.

"செலவு ரொம்ப ஆகுமே?"

"அதுக்கு ஒண்ணும் கேக்கறதில்லீங்க. காப்பீட்டு அட்டை இருக்குது. போவறது என் கூலிதாங்க."

மக்காச்சோள மண்டியில் லோடுமேன். மூட்டைக் கணக்கில் கூலி. முன்பு வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போனவர், இப்போது நாலு நாள். "ரெண்டு நாளு வராதவனை நம்பி லாரி நிக்குங்களா? என் எடத்துல வேற ஆளு போட்டுட்டாங்க. மேஸ்திரி நல்லவருதான். ஆள் கொறைஞ்சா கூப்பிடுவாரு."

அந்த அம்மா குறுக்கே வந்தார். "நான் தனியாப் போய்க்கறேன்னா கேக்க மாட்டேங்கறாருங்க."

"எப்படி உடுவேன்? போன மாசம் ஊசி எடுத்ததும் மயங்கி உளுந்துட்டா. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. வேற யாரு இருக்கா?"

பஸ் வந்தது. ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் மனைவி என்று பிடித்துக்கொண்டு ஏறினார். நான் என் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஊர் வந்து சேரும் வரை அந்த ஒரு வாக்கியம்தான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. போவறது என் கூலிதாங்க.

நியாயமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கு அரசாங்கம் செலவு செய்கிறது. 2009-ல் வந்த காப்பீட்டுத் திட்டம், ஆட்சி மாறியபோது பெயர் மாறினாலும் நிற்கவில்லை. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. இதையெல்லாம் கிண்டல் செய்கிறவன் அரசு ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவனாக இருப்பான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு ஆள் விட்டுப்போய்விட்டார். கட்டிலில் படுத்திருப்பவருக்கு எல்லாம் உண்டு. கட்டில் பக்கத்தில் நிற்கிறாரே, அவருக்கு?

ஆஸ்பத்திரியில் கேட்கிற முதல் கேள்வி, "கூட யாரு இருக்கீங்க?" ரத்தம் எடுத்தால் லேபுக்கு ஓட, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள, ராத்திரி பாட்டில் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட, கையெழுத்துப் போட என்று எல்லாவற்றுக்கும் அந்த "கூட இருக்கிறவர்" வேண்டும். அவர் இல்லாவிட்டால் நம் ஆஸ்பத்திரிகள் ஒரு நாள்கூட ஓடாது. சம்பளம் இல்லாத ஊழியர் அவர்.

வேலை செய்யும் இடத்தில் கேட்கிற முதல் கேள்வி, "உங்களுக்கா உடம்பு சரியில்லை?" இல்லை, என் மனைவிக்கு. "அப்ப உங்களுக்கு என்ன?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குகிற ஜனம் இந்த நாட்டில் கொஞ்ச நஞ்சமல்ல.

அரசாங்க உத்தியோகம் என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? மத்திய அரசின் விதிகளைப் பாருங்கள். 2008-ல் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வந்தது. பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள். மிக நல்ல விஷயம். 2018-ல் அதை ஆண்களுக்கும் கொடுத்தார்கள். எந்த ஆண்களுக்கு? கல்யாணம் ஆகாதவர், விவாகரத்து ஆனவர், மனைவியை இழந்தவர்.

இதன் அர்த்தம் புரிகிறதா? மனைவி இறந்துபோனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள லீவு உண்டு. மனைவி சுயநினைவில்லாமல் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தால், அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக்கூட அந்த லீவு கிடையாது. மனைவியைப் பார்த்துக்கொள்வதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்னொன்று. 2023-ல் உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் வரை சிறப்பு விடுப்பு என்று உத்தரவு வந்தது. அதையும் வரவேற்கிறேன். மனைவிக்கு ஒரு சிறுநீரகத்தை அறுத்துக் கொடுத்தால் 42 நாள். டயாலிசிஸ் நாட்களில் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டால் ஒரு நாள்கூட இல்லை.

2025 ஜூலையில் ராஜ்யசபாவில் இதே போன்ற ஒரு கேள்வி வந்தது. வயதான பெற்றோரைக் கவனிக்க லீவு உண்டா என்று. அமைச்சர் சொன்ன பதில்: 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு இருக்கிறது, எந்தச் சொந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம். அதாவது, உன் பையிலேயே பணம் இருக்கிறதே, அதை எடுத்துச் செலவு செய் என்கிறார். அவரவர் சேர்த்த லீவு தீர்ந்த பிறகும் நோய் தீராவிட்டால் என்ன செய்வது?

என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு அரசு ஊழியர், இருபது வருஷ சர்வீஸில் ஒரு பேப்பர் கிளிப்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவர். மனைவிக்குக் கேன்சர் என்றதும் தனக்கு முதுகுவலி என்று சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிட்டு, கீமோ வார்டில் மூன்று வாரம் இருந்தார். "வாழ்க்கையில் எழுத்தில் எழுதிக் கொடுத்த ஒரே பொய் அதுதான்" என்றார். யோக்கியனைப் பொய் சொல்ல வைக்கிற விதிக்கு என்ன பெயர்?

தனியார் கம்பெனியில் இஎஸ்ஐ இருக்கிறது. தொழிலாளிக்கே நோய் என்றால் சம்பளத்தில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. புற்றுநோய் போன்ற நீண்ட நோய் என்றால் 80 சதவிகிதம், இரண்டு ஆண்டு வரை. மனைவிக்கு வைத்தியமும் உண்டு. மனைவியின் பக்கத்தில் இருப்பதற்கு? சைபர்.

சின்னசேலத்து லோடுமேனுக்கு இஎஸ்ஐயும் இல்லை, ஈட்டிய விடுப்பும் இல்லை. அவருக்கு லீவு என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அன்றைக்கு அடுப்புக்கு லீவு.

இதைப் பற்றிப் பேசினால் உடனே யாராவது நம் பண்பாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நளாயினி கதை தெரியுமே. தொழுநோய்க்காரக் கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்த உத்தமி. கதை சொல்கிற யாராவது அந்த வீட்டில் அரிசி எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறார்களா? நளாயினி அன்றைக்குக் களை எடுக்கப் போக வேண்டியிருந்ததா, போகாததால் கூலி போனதா என்று எந்தப் புராணமும் கவலைப்படவில்லை. மனைவியைக் கூடையில் சுமந்த ஒரு நளாயினனும் நம் புராணத்தில் எனக்குத் தட்டுப்படவில்லை.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 41 பேர் வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கிறார்கள். ஆண்களில் 21 பேர். பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 140 நிமிஷம். ஆண்கள் 74. குழந்தை வளர்ப்பும் சேர்ந்த கணக்குதான் இது. ஆனால் குழந்தைக்குத் தாய், நோயாளிக்கு மனைவி என்று நாம் பிரித்து வைத்திருக்கிற பழக்கம் ஒன்றேதான்.

2024 ஜூனில் இதே மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலு ஆஸ்பத்திரிகளில் உயிருக்குப் போராடினார்கள். டி.வி.யில் பார்த்தோம், வார்டு வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த பெண்களை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50 ஆயிரம் என்று அரசு அறிவித்தது. பெரிய சாவு நடந்தால், கேமரா வந்தால், கூட இருந்தவர்களும் கண்ணில் படுகிறார்கள். கேமரா வராத நோய்களில் அதே பெண்கள், அதே வார்டு வாசல், அதே போன கூலி. கண்டுகொள்ள நாதியில்லை.

"அன்புக்குக் கூலி கேட்கிறாயா? கட்டின பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் சம்பளம் தரணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அன்புக்கு யாரும் கூலி கேட்கவில்லை. அன்பு காட்டப் போனதால் போன கூலியைக் கேட்கிறேன். மளிகைக் கடைக்காரர் அன்பை வரவு வைத்துக்கொள்வதில்லை.

"இப்படி லீவு கொடுத்தால் சின்ன முதலாளி திவாலாகிவிடுவான்." அவன் தலையில் கட்டச் சொல்லவில்லை. இஎஸ்ஐயில் இருக்கிற தொழிலாளிக்குப் பேறுகாலச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? எல்லோரும் போட்ட பொதுப் பணத்திலிருந்து. அதே வழி.

"பொய் சொல்லி எடுப்பார்கள்." இப்போது மட்டும் என்ன நடக்கிறது? முதுகுவலியைப் பொய்யாகச் சொல்வது சுலபம். வாரம் இரண்டு முறை, முறைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்று தேதி போட்டு ஆஸ்பத்திரி கொடுக்கிற சீட்டைப் பொய்யாகத் தயாரிப்பது கஷ்டம்.

ஜப்பானில் நெருங்கிய உறவினர் ஒருவரைப் பராமரிக்க 93 நாள் விடுப்பு எடுக்கலாம். மூன்று தவணையாகப் பிரித்தும் எடுக்கலாம். சம்பளத்தில் 67 சதவிகிதத்தை வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதி தருகிறது. கல்நெஞ்ச முதலாளித்துவ நாடு என்று நாம் திட்டுகிற அமெரிக்காவில்கூட, 1993 சட்டப்படி ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் கணவனோ மனைவியோ கடும் நோயில் விழுந்தால் 12 வாரம் லீவு. சம்பளம் கிடையாது. ஆனால் திரும்பி வரும்போது வேலை இருக்கும்.

நம்மால் முடியாதா? முடியும். மூன்று வேலைகள் செய்தால் போதும்.

ஒன்று, இஎஸ்ஐ. 2019 ஜூலையில் அதன் சந்தாவை நூற்றுக்கு ஆறரை ரூபாயிலிருந்து நாலு ரூபாயாகக் குறைத்தார்கள். குறைத்த இரண்டரை ரூபாயில் ஒரு அரை ரூபாயைத் திரும்ப வாங்கி, துணை இருப்பவருக்கான சம்பளத்துக்கு என்று தனியாக ஒதுக்கலாம்.

இரண்டு, தமிழ்நாட்டு நலவாரியங்கள். 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. கல்யாணத்துக்கு, படிப்புக்கு, பிரசவத்துக்கு, மூக்குக்கண்ணாடிக்கு, சாவுக்கு என்று உதவி உண்டு. கணவனோ மனைவியோ சாகாமல் இருக்கக் காவல் இருக்கிறவருக்கும் ஒரு உதவியைச் சேர்க்கலாம். கர்ப்பிணிக்குப் போகும் கூலியை ஈடுகட்டுவதும் அரசின் வேலை என்று ஒப்புக்கொண்டதுதானே முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவித் திட்டம்? 18 ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். அந்தத் தத்துவத்தைப் பிரசவ வார்டிலிருந்து டயாலிசிஸ் வார்டு வரை நாலு அடி நகர்த்தினால் போதும்.

மூன்று, அரசு முதலில் தன் சொந்த ஊழியர்களுக்கு இந்த விடுப்பைக் கொடுக்கட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. பொய் சர்டிபிகேட்டாவது குறையும்.

தேர்தல் நேரத்தில் மிக்ஸி, கிரைண்டர் என்று பட்டியல் போட்ட கட்சிகள் எதுவும் இதைக் கேட்காது. வார்டு வாசலில் நிற்கிறவர்களுக்குச் சங்கம் கிடையாது. ஊர்வலம் போக அவர்களுக்கு நேரமும் கிடையாது. அதனால்தான் ஓட்டுப் போடுகிற நாம், ஆரோக்கியமாக இருக்கும்போதே கேட்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு நாம் கட்டிலிலும் இல்லை, கட்டில் பக்கத்திலும் இல்லை. கல்யாணம் செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டில் ஒரு இடம் ஒருநாள் வரத்தான் போகிறது.

நளாயினி தன் புருஷன் சாகாமலிருக்க, சூரியனே உதிக்காதே என்று தடுத்து நிறுத்தினாளாம். சின்னசேலத்துக்காரரிடம் அந்த சக்தி இல்லை. விடிந்தால் மண்டியில் லாரி வந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் மெஷினும் காத்திருக்கும். அவர் மெஷின் இருக்கும் பக்கமாகத்தான் போவார். அந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்க நமக்கு என்ன கேடு?