முதலில் அவர்களிடமிருந்து வாங்கு

சேரிக்காரனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கலாம் என்று ஒரு சட்டவிதி இருக்கிறது. கதை இல்லை. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் எழுதிய விதிகளில் மூன்றாவது விதி அது. வன்கொடுமை நடக்கக்கூடும் என்று அரசு அடையாளம் கண்ட பகுதியில், உயிருக்கும் உடைமைக்கும் காவலாக, தேவைப்பட்டால் தலித்துகளுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம். புதுச்சேரிக்கும் இதே விதிதான். இதைச் சொன்னதும் நம்ம பசங்களுக்குக் கண்ணு பளபளக்குது. "அப்ப எந்தத் துப்பாக்கிண்ணே நல்லது?" என்கிறார்கள். அறிவுஜீவிகளோ முகம் சுளிக்கிறார்கள்: "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" இரண்டு தரப்புமே விதியை முழுசாகப் படிக்கவில்லை.

முகம் சுளிப்பவர்களிடம் முதலில் பேசுவோம். இந்த ஊருக்குத் துப்பாக்கி என்ன புதுசா? 1878 ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில்தான் செல்லும். பிரெஞ்சுக்காரன் மண்ணில் செல்லாது. 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷைச் சுட்ட வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்தது இங்கே தங்கியிருந்த வ.வே.சு. ஐயர். அது வீரம். மாட்டுக்கறி தின்னும் மிலேச்சன் நாட்டை ஆள்வதா என்று அந்த வாஞ்சியின் கடிதம் கொதித்ததை மட்டும் மேடையில் சொல்லமாட்டார்கள். மாட்டுக்கறி தின்கிற நாம் அந்தத் துப்பாக்கிக்கு எந்தப் பக்கம் நின்றோம்? 1936 ஜூலை 30இல் சவானா மில்லில் 12 தொழிலாளிகளைச் சுட்டது பிரெஞ்சு அரசு. அது சட்டம் ஒழுங்கு. 1881 ஆணையின்படி இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர்களில் நம் ஆட்கள் நிறைய. அவர்களில் எத்தனையோ பேர் இந்தோசீனா போய்த் துப்பாக்கி தூக்கினார்கள், 'சொல்தா' பென்ஷன் வாங்கினார்கள். வெள்ளைக்காரன் காலனியைக் காவல் காக்கும்போது நம் கை நல்ல கை. நம் வீட்டுக் கதவைக் காக்கிறேன் என்றால் அதே கை ஆபத்தான கை ஆகிவிடுகிறது.

இனி பசங்களுக்கு. 1959 ஆயுதச் சட்டப்படி, பாதுகாப்புக்கு என்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்வரி இல்லாத துப்பாக்கி. அதாவது 12 போர். சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க. ஆனால் நம்ம வீட்டை யோசிச்சுப் பாருங்க. ஒரே சுவருக்கு ரெண்டு குடும்பம். இருட்டில் பதறிச் சுட்டால் எல்.ஜி. தோட்டாவின் ரவை பக்கத்து வீட்டுத் தூளியில் போய் நிற்கும். ரிவால்வர் என்றால் .32, அது லட்ச ரூபாய்ச் சங்கதி. துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். பூட்டி வைக்க நம்மிடம் ஒரு அலமாரி உண்டா?

அதைவிடப் பெரிய விசயம்: தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். பொன்பரப்பியில் நம் தெருவுக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கியது 2019 ஏப்ரல் 18. ஓட்டுப் போடும் நாள். பூட்டிய சேரிக்கு வருகிறவன் பெரும்பாலும் தீயோடு வருகிறான். 1978இல் பக்கத்து விழுப்புரத்தில் 12 பேர் செத்தார்கள், பெரியபறைச்சேரி எரிந்தது. 2012 நவம்பர் 7இல் தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி எரிந்தன. நூறு நூறாக வரும் கூட்டத்துக்கு முன்னால் ரெண்டு தோட்டா என்ன செய்யும்?

குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்கிறவனை, வேறு வழியில்லாதபோது, கொல்லும் அளவுக்குக்கூடத் தடுக்கலாம் என்று பழைய தண்டனைச் சட்டம் 103ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள நியாய சன்ஹிதா 41இல் சொல்கிறது. ஏட்டில் இருக்கிறது. சேரிக்காரன் தடுத்தால் ஸ்டேஷனில் அதற்குக் கொலை என்று பேர் வைப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் நம் பசங்கள் கைக்கு லைசென்ஸ் இல்லாமலே வந்து சேர்வது நாட்டு வெடிகுண்டு. அது எந்த ஆதிக்கச் சாதிக்காரன் மேலும் விழுவதில்லை. இன்னொரு சேரிப் பையன் மேல் விழுகிறது. எவனோ ஒருத்தனுடைய நிலத் தகராறுக்கும் தேர்தல் கணக்குக்கும் இவன் ஜெயிலுக்குப் போகிறான். இதைத் தற்காப்பு என்று எவனாவது சொன்னால் அவன் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டும்.

அப்படியானால் விதியை விட்டுவிடுவதா? இல்லை. முழுசாகப் படிக்கச் சொல்கிறோம். நமக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்பது அதில் ஐந்தாவது உட்பிரிவு. மூன்றாவது என்ன சொல்கிறது? தேவைப்பட்டால், அந்தப் பகுதியில் தலித் அல்லாதவர்கள், அவர்களின் நெருங்கிய உறவினர்கள், வேலைக்காரர்கள், குடும்ப நண்பர்கள் வரைக்கும் ஆயுத உரிமத்தை ரத்து செய்து, ஆயுதத்தை அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். நாலாவது: கள்ளத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய வேண்டும். முதலில் அவன் கையிலிருந்து எடு, பிறகு இவனுக்குக் கொடுப்பதைப் பற்றி யோசி. வரிசை இதுதான். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணிக்கு வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். 44 பேர் குடிசையில் வெந்தார்கள். பணக்கார மிராசுதார்கள் அப்படி நடந்து போயிருப்பார்களா என்று உயர்நீதிமன்றம் சந்தேகப்பட்டது. மூன்றாவது உட்பிரிவு அந்த மிராசுதார்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. அதைத் தொடுவார் யாருமில்லை. கலவரம் என்றால் போலீஸ் முதலில் சேரியில் புகுந்து மீன் நறுக்கும் கத்தி, கதிர் அறுக்கும் அரிவாள் என்று அள்ளிக்கொண்டு போய்ப் படம் பிடிக்கிறது.

எனவே தோழர்களே, கலெக்டருக்கு எழுதும் மனுவில் துப்பாக்கி வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். புதுச்சேரியில் நடப்பில் உள்ள ஆயுத உரிமங்கள் எத்தனை, கொம்யூன் வாரியாகச் சொல்லுங்கள். வன்கொடுமைப் பகுதி என்று எந்தெந்த இடத்தை அடையாளம் கண்டீர்கள்? அங்கே மூன்றாவது உட்பிரிவின்படி 1995லிருந்து இதுவரை எத்தனை உரிமம் ரத்தானது? தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.