மேம்படுத்தல் யாருக்காக?

விளையாட்டுக் கணினி பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயின், எமது விடுதிகளிலே இன்று காரசாரமாக விவாதிக்கப்படும் பொருள்களுள் இதுவும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. இங்கு செலவாவது பணம். அதுவும் பெரும்பாலும் பெற்றோரின் பணம். பணம் செலவாகுமிடத்துச் சிந்தனை செலவாகாதிருப்பது கற்றோர்க்கு அழகன்று.

இவ்விடயத்தில் இரு தரப்பினர் உளர். விளையாட்டே வீண், ஆதலின் அதற்கு ஒரு சதமும் செலவிடலாகாது என்பார் ஒரு சாரார். உழைப்போருக்கும் கற்போருக்கும் ஓய்வு உரியது. கிரிக்கெற் மட்டைக்குச் செலவிடலாம், கணினிக்குச் செலவிடலாகாது என்பதற்கு நியாயமில்லை. எனவே இவர்களை இவ்வளவில் விடுவோம். புதியது வந்துவிட்டது, ஆதலின் வாங்கவேண்டும் என்பார் மறுசாரார். எமது வழக்கு இவர்களோடுதான்.

இவர்களது நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு சில்லில் அடங்கும் திரான்சிஸ்ரர்களின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என 1965இல் கோர்டன் மூர் எதிர்வுகூறினார். 1975இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். பல தசாப்தங்களாகப் புதுமையும் மலிவும் கைகோத்தே வந்தன. இன்று அந்நிலை இல்லை. என்விடியா நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட ஜீரீஎக்ஸ் 1080 ரீஐ என்னும் உயர்தர வரைகலை அட்டையின் அறிவிப்பு விலை 699 டொலர். 2025 ஜனவரியில் வந்த ஆர்ரீஎக்ஸ் 5090இன் அறிவிப்பு விலை 1,999 டொலர். மூரின் விதி இறந்துவிட்டதென 2022இல் அந்நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங்கே கூறினார். விற்பவனே ஒப்புக்கொண்டதை வாங்குபவன் ஏற்க மறுப்பது விந்தையன்றோ!

எமது நாட்டு நிலையையும் இணைத்து நோக்குதல் வேண்டும். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. இன்று டொலர் ஒன்றை 300 ரூபா எனக் கொண்டால், 5090இன் விலை வரிகள் நீங்கலாகவே ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபா. 2025 வரவுசெலவுத்திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட மகாபொலக் கொடுப்பனவில் இது 80 மாதத் தொகை. நான்காண்டுப் பட்டப்படிப்பின் மாதங்களோ 48. உச்ச அட்டையைக் காட்டி அச்சுறுத்துவதாக எவரும் குறைகூற வேண்டாம். 299 டொலருக்கு அறிவிக்கப்பட்ட ஆர்ரீஎக்ஸ் 5060ஐ எடுத்துக்கொண்டாலும் அது 12 மாதத் தொகையாகும்.

இவ்வளவு கொடுத்துப் பெறுவது யாது? வினாடிக்கு 60 சட்டகங்கள் ஓடுங்கால் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிவினாடி செல்லும். 120 ஆயின் 8.3, 240 ஆயின் 4.2. முதல் இரட்டிப்பில் எட்டு மில்லிவினாடிக்கு மேல் மீதமாகின்றது. அடுத்த இரட்டிப்பில் நான்கே மீதமாகின்றது. பயன் பாதியாகச் சுருங்க விலை பன்மடங்காகின்றது. மேலும், வினாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும் திரையை வைத்துக்கொண்டு 200 சட்டகம் தரும் அட்டையை வாங்குவோர், தம் திரை காட்டவே முடியாத சட்டகங்களுக்கு விலை கொடுக்கின்றனர்.

குறை எங்குள்ளது என்பதையும் பலர் ஆராய்வதில்லை. விளையாட்டின் திரைத் தெளிவுத்திறனைக் குறைத்துப் பார்க்கட்டும். சட்டக எண்ணிக்கை உயர்ந்தால் தடை வரைகலை அட்டையில் உள்ளது. உயராவிடின் தடை பெரும்பாலும் செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது; புதிய அட்டை அதனைத் தீர்க்காது. இச்சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. தூசு படிந்த விசிறியைத் துடைப்பதற்கும் அவ்வாறே.

அவ்வாறாயின் மேம்படுத்தவே கூடாதா? அங்ஙனம் நாம் கூறவில்லை. மெதுவாக ஓடுதல் வேறு, ஓடவே மறுத்தல் வேறு. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மேயில் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் விளையாட்டும் ஒளிக்கதிர்களைக் கணிக்கும் ரே ட்ரேசிங் வன்பொருளைக் கட்டாயமாக வேண்டுகின்றன. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. இத்தகைய வேளைகளில் மாற்றம் தேவையாகலாம். அப்போதும் முழுக் கணினியையும் தூக்கியெறிய வேண்டுமென்பதில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 தாய்ப்பலகைகளில் 2017இல் வாங்கப்பட்ட பலவற்றில், பயோஸை இற்றைப்படுத்தியபின், 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி செயலியையும் பொருத்த முடிந்தது.

எதிர்காலத்துக்காக இன்றே உயர்ந்ததை வாங்குகிறோம் என்பது மறுசாராரின் இறுதி அரண். அதனையும் தகர்ப்பது வரலாறே. தன் காலத்தில் வலிமை மிக்க அட்டைகளுள் ஒன்றாயிருந்த 1080 ரீஐயில் மேற்குறித்த இந்தியானா ஜோன்ஸ் இயங்காது. 2019இல் 399 டொலருக்கு வந்த ஆர்ரீஎக்ஸ் 2060 சுப்பர் அதற்குப் போதும். எதிர்காலம் வேண்டி நின்றது கூடுதல் வலிமையை அன்று, வேறொரு திறனை. அதனை முன்கூட்டி விலைக்கு வாங்கிவிட எவராலும் இயலவில்லை.

எனவே அளவுகோல் மூன்று எனலாம்: நாம் உண்மையில் ஆடும் விளையாட்டு ஓட மறுக்கின்றதா? தடை எந்த உறுப்பிலென அறிந்துகொண்டோமா? அதன் விலையை வேறொரு தேவையைப் பட்டினி போடாது கொடுக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் எனின் தயங்காது வாங்குக. ஒன்றுக்கேனும் இல்லை எனின், அந்த மேம்படுத்தல் எமக்காக அன்று, விற்பவருக்காகவே நிகழ்கின்றது. நிலவுடைமையாளனின் ஆடம்பரத்தையும் வணிகனின் இலாபத்தையும் விரிவுரை மண்டபத்தில் கூரிய நோக்குடன் விமர்சிக்கும் நாம், விடுதிக்குத் திரும்பியதும் விளம்பரத்தின் சொற்படி நடப்பது பொருந்துமா? நண்பர்கள் சிந்திப்பார்களாக.