கண்டி ஏரியும் வேலூர் சமாதியும்

இலங்கைச் சுற்றுலா போய்வந்த நம்மவர்கள் காட்டும் படங்களில் கண்டி ஏரி தவறாமல் இருக்கும். யார் வெட்டிய ஏரி என்று கேட்டுப் பாருங்கள். "யாரோ ஒரு ராஜா" என்பார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அந்த "யாரோ", கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. தலதா மாளிகைக்கு எதிரே வயலாகக் கிடந்த இடத்தை 1807-இல் ஏரியாக்கினான். 1815-இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்தார்கள்; மறு வருடம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து சிறைவைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தான். சமாதி பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில் இருக்கிறது.

அவன் உத்தமன் என்று வாதாட நான் வரவில்லை. குடிகளைக் கட்டாய வேலை வாங்கித்தான் ஏரி வெட்டினான். 1814-இல் எகலப்பொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்லச் செய்தான். அதையும் தெரிந்துகொண்டுதான் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நான் ஏரியை முழுக்கச் சுற்றி நடந்தேன். எங்கள் குழுவில் மற்றவர்கள் அரைமணியில் படமெடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கோ பொற்கோயிலுக்கோ வேலூர் போகாதவர்கள் நம்மில் குறைவு. கடல் தாண்டிப் போய் ஏரியைப் பார்க்கிறோம். ஏரி வெட்டியவன் நம் பக்கத்திலேயே கிடக்கிறான். எட்டிப் பார்க்க ஆளில்லை. இதற்குப் பெயர் ஊர் பார்ப்பதா?