சுவருக்கு விலையுண்டு, சித்திரத்திற்கு இல்லையா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது முன்னோர் மொழி. உடல்நலம் பேணுவதற்காகச் சொல்லப்பட்ட அம்மொழியை நம் சமுதாயம் வேறு வகையில் பின்பற்றி வருகின்றது. சுவர் கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகின்றது; சித்திரம் எழுதுபவருக்கு ஒதுக்க மறந்துவிடுகின்றது. அம்பாங்கிலோ கிள்ளானிலோ ஒரு மண்டபம் எழும்பும்போது சிமெண்டுக்கும் கம்பிக்கும் மூன்று கடைகளில் விலை கேட்கப்படுகின்றது. குத்தகையாளரோடு ஒப்பந்தம் எழுதப்படுகின்றது. அம்மண்டபச் சுவரில் ஓவியம் தீட்ட வருபவரிடம் மட்டும், “நம்முடைய காரியம்தானே, பார்த்துச் செய்யுங்கள்” என்ற ஒரு சொல்லே ஒப்பந்தமாகிவிடுகின்றது. பணி முடிந்ததும் பொன்னாடை போர்த்தப்படுகின்றது. பொன்னாடையைக் கொண்டு வீட்டு வாடகை செலுத்த முடியுமா?

இதற்கு நிர்வாகத்தினரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. விலையைச் சொல்ல ஓவியரும் கூசுகின்றார். கேட்டால் பணி கைநழுவிப் போகுமோ என்று அஞ்சுகின்றார். கேட்காமல் பெற்ற பணி அவரைக் கடனாளியாக்கிவிட்டுப் போகின்றது. ஆகவே இரு தரப்பாருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே: தூரிகையை எடுப்பதற்கு முன் எழுத்தாவணம் எழுதப்படல் வேண்டும். எழுதப்படாத பணியை நிர்வாகத்தினர் கேட்கலாகாது, ஓவியரும் ஏற்கலாகாது.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை நம் ஓவியருள் பலர் அறியார். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிறர் கேட்டுக்கொண்டதன்பேரில் படைக்கப்பட்ட படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், படைக்கச் சொன்னவருக்கே சென்று சேரும் என்கின்றது. ‘வேறு உடன்பாடு இல்லாவிடில்’ என்னும் அச்சிறு தொடரில்தான் ஓவியரின் பிழைப்பு அடங்கியிருக்கின்றது. உடன்பாட்டில் ஒரு வரி எழுதினால் உரிமை அவரிடம் நிற்கும். எழுதாவிடில் சுவரோடு போய்விடும்.

அது வெற்றுரிமையன்று. 2012ஆம் ஆண்டு பினாங்கு ஜார்ஜ்டவுனில் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்கரேவிச் தீட்டிய சுவரோவியங்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்தனர். அவ்வோவியங்களின் உருவம் சட்டைகளிலும் நினைவுப் பொருள்களிலும் ஏறிக் கடைதோறும் விற்பனையாயிற்று. ஒரு சுவரில் எழுதிய படம் ஓராயிரம் கடைச் சரக்காகக் கூடும் என்பதை நாடே கண்டது. அச்சரக்கின் ஆதாயம் யாருக்கு உரியது என்பதைப் படம் புகழ் பெற்றபின் பேசிப் பயனில்லை. முன்னரே பேச வேண்டும்.

புகழை விடுவோம். படம் அழிக்கப்பட்டால் என் செய்வது? இந்திய அரசு 1957இல் அமர்நாத் சேகல் என்னும் கலைஞரிடம் புதுதில்லி விஞ்ஞான் பவனுக்காக மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்றைக் கேட்டது. 1962இல் அது நிறைவுற்றது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அதைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டனர். கலைஞர் வழக்காடினார். 2005இல்தான் தில்லி உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. நீதி கிடைத்தது உண்மை; அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை. நம் நாட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் படைப்பாளியின் பெயரையும் படைப்பின் நேர்மையையும் காக்கின்றது. எனினும் அம்பாங்கில் ஒரு கடைச் சுவரில் எழுதும் இளம் ஓவியர் இருபத்தாறு ஆண்டுகள் நீதிமன்றப் படியேற இயலுமா? சுவரை இடிக்கவோ வேறு வண்ணம் பூசவோ நேர்ந்தால் இத்தனை நாளுக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்னும் ஒரு வரி, அவ்வளவு அலைச்சலையும் தடுத்துவிடும்.

ஆவணத்தில் எழுத வேண்டியவை பலவல்ல. சுவரின் நீள அகலம், ஓவியத்தின் பொருள், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், முன்பணம் எவ்வளவு, எஞ்சிய தொகை எப்போது, சாரத்திற்கும் வண்ணத்திற்கும் யார் பொறுப்பு, மழையால் நாள் நீண்டால் என்ன செய்வது, இவை போதும். நாற்பதடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள சுவர் நானூறு சதுர அடி. அதை ஒரே தொகையாக மனக்கணக்கில் சொல்லும் ஓவியர், சாரத்தின் வாடகையையும் துணையாளின் கூலியையும் தம் கையிலிருந்தே கொடுப்பார்.

சுவரையும் முதலில் சென்று பார்க்க வேண்டும். புதிதாகப் பூசிய சுவர் ஏறத்தாழ நான்கு வாரம் உலராமல் வண்ணம் ஏற்காது. ஈரம் கசியும் சுவரில் உப்புப் பூத்து ஓவியம் உரிந்துவிடும். பழி கட்டடத்தின்மேல் விழாது, ஓவியர்மேலேயே விழும். ஆதலால் சுவரின் குறையை எழுத்தில் தெரிவித்து, அது சீராக்கப்பட்டபின் பணி தொடங்குவதே அறிவுடைமை.

அனுமதியும் அத்தகையதே. அம்பாங்கின் ஒரு பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழும், மறுபகுதி சிலாங்கூரைச் சேர்ந்த அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் கீழும் இருக்கின்றது. எச்சுவர் எந்த எல்லையில் உள்ளது என்று கேட்டறியாமல் சாரம் கட்டலாகாது. 2018இல் பத்துமலையின் 272 படிகளும் வண்ணம் பெற்றபோது, அனுமதி பெறாததைத் தேசிய மரபுடைமைத் துறை வினவியதை யாவரும் அறிவர். அனுமதி பெறுவது யார் பொறுப்பு என்பதும் ஆவணத்தில் இருத்தல் வேண்டும்.

இன்னொரு வழக்கமும் ஒழிய வேண்டும். மூன்று ஓவியரிடம் இலவசமாக மாதிரி வரைபடம் வாங்கி, அவற்றுள் சிறந்ததை நான்காமவரிடம் கொடுத்து மலிவாகத் தீட்டச் சொல்லும் வழக்கம் அது. மாதிரி வரைபடமே பாதிப் பணி. அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது பேராசையன்று. முன்பு செய்த பணிகளின் படங்களைக் காட்டித் தகுதியை மெய்ப்பிப்பது ஓவியரின் கடமை. புதிய சிந்தனையை விலையின்றிக் கொடுப்பது அவர் கடமையன்று.

“கோயில் பணி தொண்டன்றோ? தொண்டுக்கு ஆவணமா?” என்பர் சிலர். தொண்டு செய்பவர் தாமாக முன்வந்து செய்வதே தொண்டு. பிறர் அவர் தலையில் சுமத்துவது தொண்டாகாது. 2006இல் பத்துமலையில் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலைக்கு 250 டன் இரும்பும் 300 லிட்டர் பொன்வண்ணமும் செலவாயின என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். அச்சிலையை உருவாக்கிய தமிழகச் சிற்பிகளுள் ஒருவர் பெயரையேனும் சொல்லத் தெரிந்தவர் நம்முள் எத்தனை பேர்? பொருளின் அளவு நினைவிருக்கின்றது. கைகளின் பெயர் நினைவில்லை.

கலையைக் கணக்கில் அடக்கினால் கலை கெடும் என்பாரும் உளர். 1963இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகத்தின் முகப்பை அழகு செய்யும் இரு பெரும் சுவரோவியங்கள் சியோங் லாய்தோங் என்னும் ஓவியர் அரசுப் பணியாக ஏற்று அமைத்தவை. கேட்டுச் செய்த பணியென்பதால் அவற்றின் அழகு குன்றவில்லை. அவர் பெயரும் நிலைத்திருக்கின்றது. நம் மரபும் இதற்கு மாறானதன்று. சித்தன்னவாசல் குகைக் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயர் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்னரே எழுத்தின் அருமை உணர்ந்த இனம், இன்று ஓவியருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்கத் தயங்குவது நாணத்தக்கது.

சிறிய சங்கங்களிடம் பணம் இல்லை என்பது மெய்யே. பணம் குறைவாயின் சுவரின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். ஓவியரின் கூலியைக் குறைக்கலாகாது. இலவசமாகவே செய்து தர ஓர் ஓவியர் இசைந்தால், அவ்விசைவும் எழுத்தில் இருக்கட்டும். அவர் பெயர் சுவரின் மூலையில் இருக்கட்டும். நம் பள்ளிகளில் ஓவியம் கற்கும் பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கக் கற்பிக்கின்றோம். விலைக்குறிப்பு எழுதவும் ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். கையில் திறனிருந்தும் தாளில் உரிமையற்றவர்களாய் அப்பிள்ளைகளை உலகிற்கு அனுப்புவது, படைக்கலம் கொடாமல் போர்க்களத்திற்கு அனுப்புவதை ஒக்கும்.