60 குதிரைக்கு எவ்வளவு காற்று?
சேலத்துச் சித்திரை வெயிலில் வெளிக்காற்று 40 டிகிரி என்றால், பானட்டுக்குள் 60 டிகிரியைத் தாண்டிவிடும். இந்த 20 டிகிரி குறைந்தால் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் கூடும். வெளிக்காற்றை இன்ஜினுக்கு இழுத்துவரும் கோல்ட் ஏர் இன்டேக் மாட்டுபவர்கள் துரத்தும் லாபம் இதுதான். 1990களின் இறுதியில் வந்த நம் நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் சான் ஸ்டார்முக்கு இருந்ததே ஏறத்தாழ 60 குதிரைத்திறன். அந்த 6 சதவீதக் கணக்குப்படி கூடுவது நான்குகூட இல்லை.

சத்தம் மட்டும் தாராளமாகக் கூடும்!

பானட்டுக்குள்ளேயே திறந்த கோன் ஃபில்டர் மாட்டுவது வீண் செலவு. அது உறிஞ்சுவது ரேடியேட்டர் கக்கும் சூட்டை. பம்பருக்குள் தாழ இறக்கினாலோ, தேங்கிய மழைத்தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறி கனெக்டிங் ராடை வளைத்துவிடும். நாமக்கல் லாரிகளில் கேபினுக்குப் பின்னால் காற்றுக்குழாய் உயர்ந்து நிற்பது அழகுக்கா? புழுதிக்கும் தண்ணீருக்கும் பயந்துதான்.

பழைய காருக்கு மூடிய பெட்டி, ஹெட்லைட் பக்கமிருந்து ஒரு குழாய், புது பேப்பர் ஃபில்டர் போதும். அதற்கும் முன்னால், இன்ஜினுக்குக் காற்று போகும், வெடித்துப்போன ரப்பர் ஹோஸை மாற்ற வேண்டும்.