பெட்டியைத் துடைக்குமுன் சாமான்களை இறக்குங்கள்

‘ஃபார்மட் மார்னா படேகா!’ மும்பையில் எந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் காலெடுத்து வைத்தாலும் முதலில் காதில் விழுவது இதுதான். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா, வைரஸ் புகுந்துவிட்டதா, திரை நீலமாகி நின்றுவிட்டதா? எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம்: ஹார்ட் டிஸ்கை அடியோடு அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்ட பிறகு, பழைய கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் அதிகமாகிவிட்டது.

அழிப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பணியாற்றியவன் நான். எந்த இயந்திரத்தையும் அவ்வப்போது அக்கக்காகப் பிரித்துச் சுத்தம் செய்வதன் அருமை எனக்குத் தெரியும். ரயில் பெட்டிகளுக்கு அதை ‘பி.ஓ.எச்.’ என்போம். குறித்த காலம் வந்ததும் பெட்டியைக் கிரேனில் தூக்கி, சக்கரம், பிரேக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிச் சோதித்து, பெயின்ட் அடித்து அனுப்புவோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயணிகளும் அவர்களுடைய சாமான்களும் இறங்கிய பிறகுதான் பெட்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும். கம்ப்யூட்டரையோ நாம் சாமான்களோடு அனுப்பிவிடுகிறோம்!

விண்டோஸ் மறுபடி கிடைக்கும். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று இருந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். முறையான லைசென்ஸோடு ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் என்றால், அதே விண்டோஸைத் திரும்ப ஏற்றப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டியதில்லை. மறுபடி கிடைக்காதது உள்ளே இருக்கும் நம் சரக்குதான்.

வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு இதில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. 1990-களிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் நம் வீட்டுப் பெரியவர்கள் தமிழில் டைப் செய்தது யூனிகோடில் அல்ல. பாமினி, திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருமுறை. தமிழ்நாடு அரசு டாம், டாப் இரண்டையும் அங்கீகரித்தது 1999-இல். யூனிகோடை ஏற்றது 2010-இல். பாமினி போன்ற முறைகளில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளுக்கான குறிகள்தாம். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துருவோ ‘சி’ டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

‘டி டிரைவைத் தொடவே இல்லை, உங்கள் ஃபைல் எல்லாம் பத்திரம்’ என்பார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் ‘சி’ டிரைவை அழித்தபோது எழுத்துருவும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ தெரியும். ‘கரப்ட் ஆகிவிட்டது தாத்தா’ என்று பேரன் டெலிட் செய்துவிடுவான். மராத்தியும் ஆங்கிலமும் படித்து வளர்ந்த பிள்ளை, அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்கள், குலதெய்வம் முதல் வம்சாவளி வரை எழுதி வைத்த குறிப்புகள், சங்க மலருக்கு எழுதிய கட்டுரைகள், எல்லாம் போயிற்று. பழைய எழுத்துருவைத் திரும்பப் போட்டிருந்தால் அத்தனையும் அப்படியே தமிழாகத் தெரிந்திருக்கும்!

ஆகவே கம்ப்யூட்டரைக் கடைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் இவற்றோடு விண்டோஸில் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள். இன்னொரு காப்பி வேறிடத்தில் இருக்கட்டும். வேறொரு கம்ப்யூட்டரில் நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்த பிறகே அழிக்கச் சொல்லுங்கள். பிரேக் போட்டுப் பார்க்காமல் பெட்டியை வெளியே விடுவோமா? பழைய எழுத்துருவில் உள்ளவற்றை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளால் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது. புதிய கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இருக்கலாம். அதன் 48 இலக்கச் சாவியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டரை விற்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை. அவசரமாக அடிக்கும் ‘குவிக் ஃபார்மட்’, புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். பான் கார்டு, பேங்க் விவரங்களைத் தெரிந்தவர்கள் மீட்டெடுக்க முடியும். விற்கும்போது மட்டும் டிரைவை முழுமையாகச் சுத்தம் செய்யும் வழியைக் கேட்டு வாங்குங்கள்.

எதை வைப்பது, எதை அழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரர். கடைப் பையன் அல்ல. இதில் சங்கமும் உதவலாம். கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பெரியவர்களின் பழைய தமிழ் ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். மலர் வெளியிடுவதும் பட்டிமன்றம் நடத்துவதும் தமிழ்ப்பணி என்றால், இதுவும் தமிழ்ப்பணிதான். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.